97 வயசு, நீள நகம், பித்தளைக் கம்பி: ஆசிரியரே இல்லாத ஒரு ஹார்ப்பை எப்படி மறுபடி கத்துக்கிட்டாங்க?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.]

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. கேள்வி இதுதான்: "ஹார்ப் வாசிக்கிறவங்க சில பேர் நல்லா இருக்கிற மாடர்ன் ஹார்ப்பை விட்டுட்டு 400, 500 வருஷம் பழைய மாடலுக்குப் போறாங்களே, எதுக்கு? புது வெர்ஷன் இருக்கும்போது பழசுக்கு ஏன் டவுன்கிரேட் பண்ணணும்?"

நல்ல கேள்வி. ஏன்னா இதுக்குள்ள ஒரு தப்பான அனுமானம் ஒளிஞ்சிருக்கு. புது ஹார்ப் பழைய ஹார்ப்போட அப்டேட், அவ்வளவுதான்னு நாம நினைச்சுக்கிறோம். உண்மையில அது வேற ஒரு பிரச்சினைக்குச் செஞ்ச வேற ஒரு கருவி. அந்தப் பழைய கருவிகள்ல ஒண்ணை வாசிக்கத் தெரிஞ்சவங்க ஒரு கட்டத்துல உலகத்துல யாருமே இல்லாமப் போனாங்க. அதை மறுபடி கத்துக்கிட்ட கதைதான் இன்னைக்கு.

முதல்ல பெடல் கதை

சினிமாவுல, ஆர்கெஸ்ட்ராவுல நாம பார்க்கிற பெரிய ஹார்ப் இருக்கே, தங்க முலாம் பூசி, ஆள் உயரத்துக்கு மேல நிக்குமே, அதுக்குப் பேர் பெடல் ஹார்ப். 47 நரம்பு, கீழ 7 பெடல்.

பெடல் எதுக்கு? பியானோவுல வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ரெண்டும் உண்டு. ஹார்ப்புல ஒரே வரிசையில நரம்பு. அதாவது வெள்ளைக் கட்டை மட்டும் உள்ள பியானோ மாதிரி. ச ரி க ம ப த நி உண்டு, ஆனா நடுவுல இருக்கிற அரைச் சுரங்கள் கிடையாது. பாட்டு நடுவுல சுருதி மாறினா, நரம்பை மறுபடி முறுக்கி ட்யூன் பண்ண நேரமிருக்காது. அதுக்காக 1720 வாக்குல ஜெர்மனியோட பவேரியா பகுதியில, கால்ல மிதிச்சா நரம்போட நீளம் கொஞ்சம் குறையிற மாதிரி பெடல் வச்சாங்க. 1810-ல செபாஸ்தியன் எரார் அதையே இன்னும் நுணுக்கமாக்கி, ஒவ்வொரு பெடலுக்கும் மூணு நிலை வர்ற மாதிரி செஞ்சார். ஒரு பெடலை மிதிச்சா எல்லா ஸ்தாயியிலயும் அந்தச் சுரம் ஒரே நேரத்துல அரைச் சுரம் ஏறும். இன்னைக்கு வரைக்கும் அடிப்படை டிசைன் அதுதான்.

அருமையான எஞ்சினியரிங், அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு விலை உண்டு. பெரிய அரங்கத்துல கேட்கணும்னா நரம்பு தடிமனா இருக்கணும், இறுக்கமா இருக்கணும். 47 நரம்போட இழுவிசையையும் கூட்டினா ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். அதைத் தாங்க மரச்சட்டமும் கனமாகும், ஒலிப்பலகையும் தடிக்கும். மீட்டுற விரலுக்கும் அதிக பலம் வேணும். சத்தம் பெருசாச்சு. ஆனா மெல்லத் தொட்டாலே பேசுற குணம் குறைஞ்சுபோச்சு.

பெடலுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க?

அரைச் சுரப் பிரச்சினை பெடலுக்கு முன்னாடியும் இருந்துச்சு. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச பதில் வேற: நரம்பு வரிசையைக் கூட்டு.

ஸ்பெயின்ல ரெண்டு வரிசை. ஒண்ணுல வெள்ளைக் கட்டைச் சுரங்கள், இன்னொண்ணுல கறுப்புக் கட்டைச் சுரங்கள். ரெண்டு வரிசையும் எக்ஸ் வடிவத்துல குறுக்கே கடந்து போகும். இத்தாலியில மூணு வரிசை. வெளிப்பக்கம் ரெண்டு வரிசையிலயும் ஒரே சுரங்கள், ஒவ்வொரு கைக்கும் ஒண்ணு. நடுவுல ஒளிஞ்சிருக்கிற மூணாவது வரிசையில அரைச் சுரங்கள். அரைச் சுரம் வேணும்னா விரலை வெளி நரம்புகளுக்கு இடையில நுழைச்சு உள்ளே இருக்கிறதைத் தொடணும். கேட்கவே கஷ்டமா இருக்குல்ல? ஆனா வெளி ரெண்டு வரிசையும் ஒரே சுரம்ங்கிறதால, ரெண்டு கையாலும் ஒரே சுரத்தை மாத்தி மாத்தி மீட்டலாம். எதிரொலி மாதிரி ஒரு எஃபெக்ட் வரும். அதை பெடல் ஹார்ப்புல அதே மாதிரி கொண்டுவர்றது கஷ்டம்.

1607-ல மொன்தெவெர்தி 'ஓர்ஃபெயோ' ஆப்பராவை எழுதினப்போ இந்த மாதிரி ஹார்ப்புக்காகத்தான் ஒரு தனிப் பகுதியையே எழுதினார். 1736-ல ஹாண்டல் லண்டன்ல எழுதின ஹார்ப் கான்செர்ட்டோவும் மூணு வரிசை ஹார்ப்புக்குத்தான். இன்னைக்கு பெடல் ஹார்ப் படிக்கிற கிட்டத்தட்ட எல்லா மாணவர்களும் அந்த ஹாண்டல் கான்செர்ட்டோவை வாசிப்பாங்க. அது வேற கருவிக்கு எழுதினதுன்னு பல பேருக்கு வாசிக்க ஆரம்பிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியவரும். ஒரு ஹார்ப் கலைஞர் பழைய இசைப் பக்கம் திரும்புற முதல் வாசல் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கேள்விதான்: "இந்த இடத்துல ஏன் இவ்வளவு அடர்த்தியா இருக்கு? இதை எழுதினவர் காதுல கேட்டது என்ன?"

மாறினதும் ரெண்டு விஷயம் உடனே உறைக்கும். ஒண்ணு, கை. இறுக்கம் குறைஞ்ச நரம்புல பெடல் ஹார்ப் பலத்தோட மீட்டினா சுரம் உடைஞ்சு கரகரன்னு வரும். வருஷக்கணக்கா பழகின கையை மறக்கடிக்கணும். ரெண்டாவது, நோட்டேஷன். 17-ம் நூற்றாண்டுல ஹார்ப் கலைஞருக்குக் கொடுக்கிற தாள்ல பல நேரம் கீழ் ஸ்தாயி வரி மட்டும்தான் இருக்கும். மேல சில எண்கள் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். மிச்சத்தை வாசிக்கிறவர் அந்த நிமிஷமே கட்டிக்கணும். எழுதினதை அப்படியே வாசிக்கப் பழகினவங்களுக்கு இது புது மொழி கத்துக்கிற மாதிரி.

அதனாலதான் இந்த உலகத்துக்கு வர்றவங்க எல்லாரும் ஹார்ப் வகுப்பிலிருந்தே வர்றதில்லை. ஆண்ட்ரூ லாரன்ஸ் கிங்னு ஒருத்தர், கெர்ன்ஸி தீவுக்காரர். சர்ச் பாடகர் குழு, கேம்பிரிட்ஜ்ல ஆர்கன்னு வளர்ந்தவர். எண்ணைப் பார்த்து உடனே இசை கட்டுற பழக்கம் ஆர்கன்காரங்களுக்கு உண்டு. அந்தத் திறமையோட பழைய ஹார்ப்புக்கு வந்தார். 1994-ல 'தி ஹார்ப் கன்சார்ட்'னு ஒரு குழுவைத் தொடங்கினார். அவங்க பண்ண ஒரு ஆல்பம் 1677-ல ரிபயாஸ் எழுதின ஸ்பானிஷ் ஹார்ப், கித்தார் பாடநூலை வச்சு உருவானது.

கவனிங்க, இங்க ஒரு பாடநூல் இருந்துச்சு. எப்படி வாசிக்கணும்னு அந்தக் காலத்து ஆளே எழுதி வச்சிருந்தார். இப்போ நாம போகப்போறது பாடநூலே இல்லாத ஒரு இடத்துக்கு.

பெல்ஃபாஸ்ட், ஜூலை 1792

அயர்லாந்துக்குப் போவோம். அந்த நாட்டோட சின்னமே ஹார்ப். ஐரிஷ் யூரோ நாணயத்தைத் திருப்பிப் பாருங்க, ஒரு ஹார்ப் இருக்கும். அது டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில இருக்கிற நிஜமான ஹார்ப்போட படம். 'பிரையன் போரு ஹார்ப்'னு பேர். பேர்தான் அப்படி. அந்த மன்னர் 1014-லயே செத்துட்டார், ஹார்ப் 14 அல்லது 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் சுமார் 70 சென்டிமீட்டர். ஒலிப்பெட்டி ஒரே மரத்துண்டைக் குடைஞ்சு செஞ்சது. இதே குடும்பத்துல இன்னும் ரெண்டு பழைய ஹார்ப், குயின் மேரி ஹார்ப்பும் லமான்ட் ஹார்ப்பும், எடின்பரோவுல ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு.

இந்தக் கருவிக்கும் மத்த ஹார்ப்புக்கும் முக்கியமான வித்தியாசம்: இதுல கட்டினது குடல் நரம்பு இல்லை, உலோகக் கம்பி. மீட்டுறது விரல் சதையால இல்லை, நீளமா வளர்த்த நகத்தால. தோளும் மாறும். இன்னைக்கு எல்லாரும் ஹார்ப்பை வலது தோள்ல சாய்ச்சு, வலது கையால மேல் ஸ்தாயி வாசிப்பாங்க. இவங்க இடது தோள்ல சாய்ச்சு, இடது கையால மேல் ஸ்தாயி வாசிச்சாங்க.

இந்தக் கலைஞர்களை வாழவச்சது ஐரிஷ் பிரபு குடும்பங்கள். 17-ம் நூற்றாண்டுல ஆங்கிலேய ஆட்சி இறுகி அந்தக் குடும்பங்கள் நிலத்தை இழந்ததும், ஹார்ப் கலைஞர்கள் வீடு வீடா, ஊர் ஊரா சுத்த வேண்டியதாச்சு. பல பேர் பார்வை இல்லாதவங்க. அம்மை போட்டுப் பார்வை போன பையனுக்கு ஒரு பிழைப்பு வேணும்னு ஹார்ப் கத்துக்கொடுப்பாங்க. எல்லாம் காது வழிப் பாடம். எழுத்துல எதுவும் கிடையாது.

1792 ஜூலையில பெல்ஃபாஸ்ட்ல சில பேர் சேர்ந்து ஒரு விழா நடத்தினாங்க. மிச்சமிருக்கிற ஹார்ப் கலைஞர்களைக் கூட்டி, வாசிக்கச் சொல்லி, எழுதி வைக்கிறதுதான் திட்டம். அயர்லாந்து முழுக்கத் தேடி வந்தது 10 பேர். அதுல 6 பேர் பார்வையற்றவங்க. இளையவருக்கு 15 வயசு. மூத்தவருக்கு 97 வயசுன்னு பதிவாயிருக்கு. அவர் பேர் டெனிஸ் ஹெம்ப்சன்.

அந்த 10 பேர்ல பழைய முறைப்படி நீள நகத்தால கம்பியை மீட்டினது ஹெம்ப்சன் ஒருத்தர் மட்டும்தான். மத்தவங்க எல்லாரும் அதுக்குள்ள விரல் சதைக்கு மாறிட்டாங்க.

சாஃப்ட்வேர் உலகத்துல 'பஸ் ஃபேக்டர்'னு ஒரு சொல் உண்டு. எத்தனை பேரை பஸ் அடிச்சா புராஜெக்ட் நின்னுபோகும்னு ஒரு கணக்கு. ஒரே ஒருத்தருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்னா பஸ் ஃபேக்டர் 1. பல நூறு வருஷப் பாரம்பரியத்தோட பஸ் ஃபேக்டர் 1792-ல 1. அந்த ஒருத்தருக்கு வயசு 97.

கேட்டு எழுதினவரும் அவர் பண்ண காரியமும்

எழுதி வைக்க ஏற்பாடு பண்ண ஆள் எட்வர்ட் பண்டிங். வயசு 19, பெல்ஃபாஸ்ட்ல சர்ச் ஆர்கன் வாசிக்கிறவர். விழாவோட நிறுத்தாம, ஹெம்ப்சனை அவர் ஊரான மகிலிகனுக்கே தேடிப்போய்க் கேட்டு எழுதினார். வாழ்க்கை முழுக்க இதையே தொடர்ந்தார். 1796, 1809, 1840-னு மூணு தொகுப்பு வெளியிட்டார்.

பண்டிங் இல்லன்னா நமக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது. இதை முதல்ல சொல்லிடணும். ஆனா அவர் வெளியிட்ட புத்தகத்துல ஒரு பிரச்சினை. புத்தகம் விக்கணும்னா வாங்கப்போறது வீட்டுல பியானோ வச்சிருக்கிறவங்க. அதனால மெட்டுகளை பியானோவுக்கு ஏத்த மாதிரி மாத்தினார். அந்தக் கால ஃபேஷன்படி கார்டுகள் சேர்த்தார், சுருதியை மாத்தினார். சில இடத்துல அந்த ஹார்ப்புல இல்லவே இல்லாத சுரங்கள்கூட வந்துருச்சு. இடது கை, வலது கை, எந்த விரல், எந்தக் கம்பி எப்போ நிக்குது, இதெல்லாம் மெட்டுகளோட அச்சாகவே இல்லை.

அதாவது நமக்குக் கிடைச்சது மேனேஜருக்குப் போன அழகான பவர்பாயின்ட். ரா லாக் எங்கே?

அதுவும் இருக்கு. பண்டிங் கேட்டுக்கிட்டே கிறுக்கின குறிப்புகள் இன்னைக்கு பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு. புள்ளி புள்ளியா, அடிச்சுத் திருத்தி, பாதியில விட்டு, அவசரமா எழுதின பக்கங்கள். கார்டு இல்லை, அலங்காரம் இல்லை. அவர் காதுல விழுந்ததுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற பதிவு அதுதான். 1840 புத்தகத்துலயும் ஒரு பொக்கிஷம் இருக்கு. கலைஞர்கள் பயன்படுத்தின கலைச்சொற்கள், ஒவ்வொரு கமகத்துக்கும் எந்த விரல் மீட்டணும், எந்த விரல் நிறுத்தணும்னு ஒரு பட்டியல். பண்டிங்குக்கு ஐரிஷ் மொழி தெரியாது. அதனால சொற்கள் அங்கங்க சிதைஞ்சிருக்கு. இருந்தாலும் பட்டியல் இருக்கு.

இன்னொண்ணு. பழைய காலத்துல கச்சேரிக்கு முன்னாடி சுருதி சரிபார்க்க வாசிக்கிற ஒரு துண்டு உண்டு. ஹெம்ப்சன் அதை வாசிக்கவே மாட்டேன்னு தயங்கினாராம். ரொம்பக் கெஞ்சினப்புறம் ஒரு பகுதியை மட்டும் வாசிச்சதா பண்டிங் பதிவு பண்ணியிருக்கார். இளவயசுல தான் நேர்ல பழகின ஓ'கரோலன்ங்கிற பெரிய இசையமைப்பாளரோட பாட்டுகளைக்கூட ஹெம்ப்சன் விரும்பி வாசிக்கலையாம், அது அவருக்கு ரொம்பப் புதுசு. ஓ'கரோலன் செத்தது 1738-ல! ஹெம்ப்சன் எவ்வளவு பழைய உலகத்திலிருந்து வந்தவர்னு இதுலயே புரியும்.

ஹெம்ப்சன் 1807-ல இறந்தார். அதுக்கப்புறம் பெல்ஃபாஸ்ட்ல பார்வையற்ற பசங்களுக்கு ஹார்ப் சொல்லிக்கொடுக்க சங்கம் வச்சாங்க, பணம் இல்லாம நின்னுச்சு, மறுபடி தொடங்கினாங்க, மறுபடி நின்னுச்சு. அந்தத் தலைமுறையில கடைசியா பேர் வாங்கினவங்கள்ல ஒருத்தரான பேட்ரிக் பர்ன் 1863-ல இறந்தார். அவரை 1845-ல எடுத்த புகைப்படம்கூட இருக்கு. முகம் இருக்கு, கை இருக்கு, ஹார்ப் இருக்கு. சத்தம் மட்டும் இல்லை. ஒலிப்பதிவு கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் பாக்கி.

இன்னைக்கு 'ஐரிஷ் ஹார்ப்'னு பரவலா விக்கிறது 19-ம் நூற்றாண்டுல டப்ளின்ல ஜான் எகன் மாதிரி ஆட்கள் பெடல் ஹார்ப்பைப் பார்த்துச் செஞ்ச, குடல் நரம்பு கட்டின சின்ன ஹார்ப்போட வாரிசு. அழகான கருவிதான். ஆனா நாணயத்துல இருக்கிறது அது இல்லை.

ஆன் ஹேமன்: ஆசிரியர் இல்லாத மாணவி

இப்போ 1970-கள். இடம் அமெரிக்காவோட மினசோட்டா. ஆன் ஹேமன்னு ஒரு பெண் உலோகக் கம்பி ஹார்ப்பைக் கையில எடுக்கிறாங்க. கத்துக்கொடுக்க ஆசிரியர் கிடையாது. நேரா ஹெம்ப்சன் வரைக்கும் போற குரு பரம்பரை அறுந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

முதல்ல எல்லாருக்கும் வர்ற பிரச்சினை அவங்களுக்கும் வந்துச்சு. குடல் நரம்பை மீட்டினா சத்தம் சீக்கிரம் அடங்கிரும். பித்தளைக் கம்பி அப்படி இல்லை, கோயில் மணி மாதிரி ரீங்காரம் நின்னுக்கிட்டே இருக்கும். அடுத்த சுரம், அதுக்கடுத்த சுரம்னு வாசிச்சா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து சேறாயிரும். 'இந்தக் கருவி இப்படித்தான், மங்கலாத்தான் கேட்கும்'னு நிறைய பேர் விட்டுட்டாங்க.

ஹேமன் பண்டிங் பட்டியலை வேற மாதிரி படிச்சாங்க. அதுல மீட்டுற விரலை மட்டும் சொல்லலை, நிறுத்துற விரலையும் சொல்லியிருக்கு. அப்போ நிறுத்துறதுங்கிறது ஏதோ சுத்தம் பண்ற வேலை இல்லை, வாசிப்போட பாதி அதுதான். எந்தக் கம்பியை அணைக்கணும், எதை அதிர விடணும்னு ஒவ்வொரு சுரத்துக்கும் முடிவெடுக்கணும். ஒரு விரல் மீட்டும்போது இன்னொரு விரல் முந்தின கம்பியைத் தொட்டு அணைக்கும். தேவையான கம்பி மட்டும் பின்னணியில அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அப்படி வாசிச்சா சேறு தெளிஞ்சு, மெட்டும் அதுக்கு அடியில ஒரு தம்பூரா மாதிரி ரீங்காரமும் தனித்தனியா கேட்கும்.

பட்டியல்ல இன்னொரு துப்பும் இருந்துச்சு. ஹார்ப்போட நடுவுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கம்பிக்கு ஒரே சுருதி. 'சகோதரிகள்'னு பேர். ட்யூனிங் அங்கதான் ஆரம்பிக்கும். அங்கிருந்து ச-ப உறவு, ஸ்தாயி உறவுன்னு காதாலயே மேலயும் கீழயும் போவாங்க. இடது கைக்கும் வலது கைக்கும் எல்லையும் அங்கதான்.

இதையெல்லாம் சோதிச்சு, வாசிச்சு, தப்பானதைத் தூக்கிப் போட்டு, 1988-ல 'சீக்ரெட்ஸ் ஆஃப் தி கேலிக் ஹார்ப்'னு ஒரு பாடநூல் எழுதினாங்க. அந்தக் கருவியோட வரலாற்றுல ஒரு ஆள் படிச்சுக் கத்துக்கிற மாதிரி படிப்படியான பாடம் கிடைச்சது அதுக்கப்புறம்தான். இன்னைக்கு இந்த ஹார்ப்பை வாசிக்கிற பல பேரோட பாதை ஏதோ ஒரு இடத்துல அந்தப் புத்தகத்தைத் தொட்டுட்டுத்தான் போகுது.

தங்கக் கம்பிக் கணக்கு

எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். பன்னிரண்டாவது ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? கம்பியோட சுருதியை மூணு விஷயம் தீர்மானிக்கும்: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கு எவ்வளவு எடை. நீளம் கூடினா சுருதி இறங்கும். எடை கூடினாலும் இறங்கும்.

ட்ரினிட்டி ஹார்ப் மாதிரி சின்னக் கருவியில கீழ் ஸ்தாயிக் கம்பிக்குப் போதுமான நீளம் கிடைக்காது. அப்போ எடையைக் கூட்டணும். அதே நீளம், அதே இழுவிசையில ஒரு ஸ்தாயி கீழே போகணும்னா எடை 4 மடங்கு ஆகணும். பித்தளையில அதைப் பண்ணணும்னா கம்பியோட தடிமன் 2 மடங்கு ஆகணும். தடிச்சுப்போன குட்டைக் கம்பி கம்பி மாதிரி அதிராது, இரும்புத் தடி மாதிரி விறைச்சுக்கும். மேல்சுரங்கள் பிசகி 'டொக்'னு மந்தமா கேட்கும்.

வழி என்ன? அடர்த்தி கூடின உலோகம். பித்தளையோட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 8.5 கிராம். வெள்ளி 10.5. சுத்தத் தங்கம் 19.3. 18 கேரட் தங்கம் கலவையைப் பொறுத்து 15-லிருந்து 16 வரைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: அந்த 2 மடங்கு தடிமன், 18 கேரட் தங்கத்துல ஏறக்குறைய ஒன்றரை மடங்கா குறைஞ்சிரும். கம்பி மெலிசா இருக்கும், வளையும், தெளிவா அதிரும்.

பழைய ஐரிஷ் இலக்கியத்துல தங்க நரம்பு, வெள்ளி நரம்பு கட்டின ஹார்ப் பத்தி வரும். ரொம்ப நாளா அதைக் கவிஞர் வர்ணனைன்னுதான் எடுத்துக்கிட்டாங்க. ஹேமன் அதை ஒரு ஸ்பெசிஃபிகேஷனா எடுத்துக்கிட்டு சோதிச்சாங்க. ட்ரினிட்டி ஹார்ப்போட நகல்ல கீழ் ஸ்தாயிக்குத் தங்கக் கம்பி கட்டி வாசிச்சாங்க. 2006-ல வந்த அவங்க ஆல்பத்தோட ஐரிஷ் பேருக்கு அர்த்தமே 'தங்க ஹார்ப்'. கேட்டுப் பாருங்க. கீழ் கம்பிகள் டொக்குன்னு அடங்காம, நீளமா, இருட்டான ஒரு மணி மாதிரி ஒலிக்கும்.

இது எவ்வளவு நிஜம்?

அடுத்து நீங்க கேட்கப்போறது தெரியும்: "ஹெம்ப்சன் இப்படித்தான் வாசிச்சார்னு என்ன ஆதாரம்?"

இந்தத் துறையில இருக்கிற நல்ல ஆட்கள் இதை மூணு அடுக்கா பிரிச்சு வச்சுக்குவாங்க. முதல் அடுக்கு, நேரடிச் சாட்சி: நகம், இடது தோள், சகோதரிக் கம்பிகள், பட்டியல்ல இருக்கிற கமகங்கள். ரெண்டாவது, கருவியே சொல்ற சாட்சி. எடின்பரோ ஹார்ப்புகளை சிடி ஸ்கேன் பண்ணி மரத்தோட தடிமன், உள்ளே இருக்கிற விரிசல், பழைய பழுதுபார்ப்பு எல்லாத்தையும் பார்த்திருக்காங்க. அதை வச்சு நகல் செஞ்சா, எந்த இறுக்கத்துல கம்பி கட்டினா பெட்டி தாங்கும்னு கருவியே சொல்லிரும். மூணாவது, ஊகம். தங்கக் கம்பி இந்த அடுக்குல வரும். இயற்பியல் ஒத்துப்போகுது, இலக்கியம் ஒத்துப்போகுது, காதும் ஒத்துக்குது. ஆனா இந்தக் குறிப்பிட்ட ஹார்ப்புல தங்கம்தான் கட்டியிருந்தாங்கன்னு காட்ட ஒரு துண்டுக் கம்பி கையில இல்லை.

மூணு அடுக்கையும் கலக்காம வச்சிருக்கிறதுதான் நேர்மை. ஊகத்தைச் சாட்சின்னு சொல்லி வித்தா, நாளைக்கு உண்மையான சாட்சி கிடைக்கும்போது அதை ஏத்துக்க மனசு வராது.

எல்லா ஊர்லயும் இப்படி அறுந்து போகணும்னும் இல்லை. இத்தாலியில பிறந்த அந்த மூணு வரிசை ஹார்ப் வேல்ஸுக்குப் போய் அங்கயே வேர்விட்டுச்சு. மத்த இடத்துல அது மறைஞ்சப்புறமும் வேல்ஸ்ல ரோமானி குடும்பங்கள் வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்ட நான்சி ரிச்சர்ட்ஸ் 1979 வரைக்கும் உயிரோட இருந்தாங்க, அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. அங்க இழை மெலிஞ்சுது, ஆனா அறுந்து போகலை.

"அப்போ நம்ம யாழ்?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், அதனால நானே சொல்லிடுறேன். ஆமா, பழைய யாழ் ஹார்ப் குடும்பம்தான். வில் வடிவ ஹார்ப். அந்தக் குடும்பத்துல இன்னைக்கும் உயிரோட வாசிக்கப்படுற நெருங்கின சொந்தம் மியான்மரோட சௌங்.

ஆனா நம்ம நிலைமை அயர்லாந்தை விட கஷ்டம். அவங்களுக்கு மூணு பழைய கருவி இருக்கு, ஹெம்ப்சனை நேர்ல கேட்டு எழுதின குறிப்பு இருக்கு. நமக்குப் பழைய யாழ் ஒண்ணுகூட மிஞ்சலை. இருக்கிறது சிலப்பதிகாரம் மாதிரி நூல்களும் உரைகளும் சிற்பங்களும்தான். காரைதீவுல பிறந்த விபுலானந்த அடிகள் அதை மட்டும் வச்சுப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி 1947-ல 'யாழ் நூல்' வெளியிட்டார். அவர் விஞ்ஞானம் படிச்சவர். சுருதிக் கணக்கை எண்களாவே போட்டுப் பார்த்தார். இன்னைக்கு யாழ் செய்ய முயற்சி பண்றவங்களுக்கும் இந்த மூணு அடுக்கு அளவுகோல் பொருந்தும்: இது சாட்சியா, கருவி சொல்றதா, ஊகமான்னு கேட்டுக்கிட்டே செய்யணும். ஊகம் பண்ணலாம், தப்பே இல்லை. மேல லேபிள் ஒட்டிடணும், அவ்வளவுதான்.

சரி, டவுன்கிரேட் கேள்விக்கு என்ன பதில்?

ஒரு கருவியை விட்டா அதோட சேர்ந்து ஒரு கை போகுது, ஒரு காது போகுது, ஒரு நிதானம் போகுது. பெடல் ஹார்ப்புல ஹெம்ப்சனோட மெட்டை வாசிக்கலாம், சுரம் எல்லாம் சரியா இருக்கும். ஆனா எந்தக் கம்பியை அணைக்கிறது, எதை விடுறதுங்கிற கேள்வியே அங்க வேற மாதிரி ஆயிரும். பழைய ஹார்ப்புக்குப் போறவங்க அந்தக் கேள்வியைத் தேடித்தான் போறாங்க.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்க வீட்டுல, ஊர்ல, ஆபீஸ்ல ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஏதாவது இருக்கும். சமையலா இருக்கலாம், ஒப்பாரியா இருக்கலாம், தறி ஓட்டுறதா இருக்கலாம். ஃபோன்ல வீடியோ ஆன் பண்ணி, அவங்க முகத்தை விட்டுட்டு கையை ஃபோகஸ் பண்ணுங்க. எடுத்ததை எடிட் பண்ணாம ஒரு காப்பி தனியா வைங்க. பண்டிங் அழகா அச்சடிச்ச புத்தகத்தை விட, அவர் கிறுக்கின நோட்டுதான் 200 வருஷம் கழிச்சு அதிகமா உதவுச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஹெட்ஃபோன் போட்டு ஹேமனோட ஒரு ட்ராக் கேளுங்க. கேட்கும்போது கம்பி மீட்டுற சத்தத்தை விட, அது நிக்கிற இடத்தைக் கவனிங்க.